பயமுறுத்தச் சொன்னார்கள், நான் கதை சொன்னேன்

சில வருடங்களுக்கு முன்பு, நான் சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. வழி தவறத் தொடங்கிய பள்ளிப் பையன்களை அங்கே அழைத்து வந்து காட்டுவார்கள். கைதி ஒருவர் அவர்களிடம் பேசிப் பயமுறுத்த வேண்டும். நன்றாகப் பேசுகிறவன் என்று வார்டன் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

வந்தவர்கள் எல்லாம் எங்கள் கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டப் பிள்ளைகள். பார்த்ததும் எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. பாராங் கத்தியோடு போட்ட சண்டை, செம்பனைக் காட்டுக்குள் போலீஸ் துரத்தியது, லோக்காப்பில் வாங்கிய அடி என்று எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். ஒருவனும் அசையவில்லை. முன்வரிசையில் மீசை அரும்பாத ஒருவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். நன்றாகப் பயந்துவிட்டான் என்று நினைத்தேன். என் பேச்சை யாராவது உட்கார்ந்து கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்தச் சுகத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. தோட்டத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "சாப்டியாப்பா?" என்று கேட்பார். அப்புறம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் இறந்த செய்திகூட எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. கொள்ளி வைக்க நான் இல்லை. இதைச் சொன்னால் பையன்கள் முன்னால் அழுதுவிடுவேன், என் கெத்து போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

விடுதலைக்குச் சில மாதங்களே இருந்தபோது, புதிதாக உள்ளே வந்தவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அதே முன்வரிசைப் பையன். இப்போது மீசை இருந்தது.

"அண்ணே, என்னைத் தெரியலையா? பாராங் சண்டை கதை சொன்னீங்கல்ல! எங்க கூட்டாளிங்க இன்னமும் அதையேதான் பேசுறானுங்க லா!"

"நீ என்னடா செஞ்சிட்டு வந்த?"

"பாராங்தாண்ணே," என்றான், பரிசு வாங்கியவன் போல.

"உங்கம்மா பாக்க வராங்களா?" என்று மட்டும் கேட்டேன். சிரிப்பு நின்றது. குனிந்துகொண்டான்.

இப்போது ரவாங்கில் லோரி ஓட்டுகிறேன். இளைஞர் நிகழ்ச்சிகளில் பேசக் கூப்பிட்டால் போகிறேன். அம்மா பஸ் மாறி வந்ததையும், அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியையும் மட்டும்தான் சொல்கிறேன். சொல்லும்போது அழுகை வந்துவிடும், மறைப்பதில்லை. பையன்கள் கொட்டாவி விடுகிறார்கள், கைத்தொலைபேசியை நோண்டுகிறார்கள். எனக்குக் கோபமே வருவதில்லை. அன்று முன்வரிசையில் இருந்தவனும் இப்படிக் கொட்டாவி விட்டிருக்கக் கூடாதா என்றுதான் ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்கிறது.