அண்ணன் மாப்பிள்ளையை செக் பண்ணிய விதம்

போன மாதம் இறந்துபோன என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஆங்கிலத்தில் எத்தனையோ வினைச்சொற்கள் இருக்க, அவன் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டான். பாலில் சர்க்கரை போதுமா என்று ருசிப்பது, அப்பா மாத்திரை போட்டாரா என்று கேட்பது, நான் ஊர் போய்ச் சேர்ந்தேனா என்று போன் செய்வது, எல்லாமே அவனுக்கு "செக் பண்றது"தான். வீட்டைப் பூட்டி நாலு படி இறங்கியதும், "பூட்டை இழுத்து செக் பண்ணியா?" என்பான். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப ஏறுவேன்.

ஒருவரை விரும்புவதாக வீட்டில் சொன்னேன். "செக் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றான். அவன் தலையாட்டினால்தான் அப்பா தலையாட்டுவார். அக்கம்பக்கத்தில் விசாரிப்பான் என்று நம்பி நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அவர் எங்கள் வீட்டுக்குப் பேச வந்த அன்று, அண்ணனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்க ஆபீஸ் லிஃப்ட் நின்னப்போ கதவைத் திறந்துவிட்டது நீங்கதானே?"

"நிறுத்தினதும் நான்தான் தம்பி" என்றான் அண்ணன், பெருமையாக. "ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டினாத்தான் மனுஷன் குணம் தெரியும். செக் பண்ணேன். நீங்க பாஸ்."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உனக்கு மூளை இருக்கான்னு யாராச்சும் செக் பண்ணாங்களாண்ணா?" என்று கத்தினேன்.

அவர் சிரிக்கவில்லை. "என்னை செக் பண்ணீங்க, சரி. கூட ஒரு வயசான அம்மா இருந்தாங்களே, மூச்சு முட்டுதுன்னு அழுதாங்களே. அவங்க எந்த வீட்டு மாப்பிள்ளை?"

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினான். கல்யாணம் கெட்டது என்று நினைத்தேன். அப்பா அவரை உட்காரவைத்து, எழுந்துபோக விடாமல் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து வந்தான். "ஆபீஸ்ல விசாரிச்சு, அந்த அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன். நார் நாராக் கிழிச்சுட்டாங்க. வாங்கிக்கிட்டேன்." பிறகு அப்பாவிடம், "இந்தப் பையனையே முடிங்கப்பா. என்னை செக் பண்ணவும் வீட்ல ஒரு ஆள் வேணும்ல?"

இன்று வெளியே கிளம்பும்போது, பாதிப் படி இறங்கிய என் கணவர் திரும்பி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். பஸ் போய்விட்டது. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.