பிறவி நொண்டி

அந்தத் தெருவில் முடிவெட்டுபவருக்குக் கத்தரியைவிட வாய்தான் வேகம் என்று பெயர். யாரையாவது சிரிக்க வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் நாய்க்குத் தடுப்பூசி போடப் போன இடத்திலும் அந்த வாய் சும்மா இருக்கவில்லை. "இவன் பிறவி நொண்டி டாக்டரம்மா. குளிக்கக் கூப்பிட்டா உடனே ஒரு காலைத் தூக்கிக்குவான்!" டாக்டரம்மாவும் சிரித்துவிட்டு, நொண்டி என்பதை மட்டும் குறித்துக்கொண்டார். மறுமாதம் முடிவெட்டுபவரின் மனைவி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நாய்க்கு இன்சூரன்ஸ் எடுத்தாள்.

இப்போது நாய்க்கு நிஜமாகவே முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பணம் கேட்டு எழுதினால், பாலிசிக்கு முன்பே கால் ஊனம் என்று ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருக்கிறது, தர முடியாது என்று பதில் வந்தது.

மனைவிக்குத் தெரியாமல் டாக்டரம்மாவிடம் ஓடினார். "விளையாட்டுக்குச் சொன்னேங்க."

"இப்ப மாத்தி எழுதினா மோசடிங்க" என்றவர், வலி மாத்திரைக்குச் சீட்டு கொடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாயைக் கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்த சீட்டாம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் தப்பித்துக்கொண்டது; கெட்டது நாயின் கால்.

வீட்டில் மனைவி அந்தக் காலை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். "எந்தப் பாவியோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்காங்க. அந்த நாக்கு அழுகிப் போக!"

நாய் தலையைத் தூக்கி அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

"ஆமா, அழுகித்தான் போகணும்" என்றார் அவர்.