சாடிக்காரி மாமியில்லை

சிறாஜ் கொரியாவுக்குப் போய் ஐந்து மாதத்தில் அவனுக்கும் ஸுஹறாவுக்கும் கடிதத்தில் எழுத ஒன்றும் இல்லாமல் போயிற்று.

கல்யாணம் முடித்து இரண்டு வருடம் ஒன்றாக இருந்தவர்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் வாரம், பிளாஸ்ரிக் வாளி செய்கிற தொழிற்சாலை ஒன்றுக்கு வேலை கிடைத்து அவன் போய்விட்டான். ஸுஹறா வவுனியா பட்டாணிச்சூரில் கூடப்பிறந்த ராத்தா வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டாள். நீராவிப்பிட்டியில் இருந்த சொந்த வீட்டை, முஸ்லிம் ஆட்களை வெளியேற்றியபோது விட்டு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. காலையில் பாலர் பாடசாலையில் மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பேசத் தெரியாத பிள்ளை அழப்போகிறதா, தண்ணீர் கேட்கப்போகிறதா என்பதை அதன் முகத்தைக் கொண்டே சொல்லிவிடுவாள்.

மாதத்துக்கு ஒரு தடவை ரெலிபோன் கடைக்குப் போனால் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே சுகமா என்பதற்கு மேல் எதைக் கதைப்பது? கடிதமும் மெல்ல மெல்ல அப்படியே ஆகிவிட்டது. நான் சுகம், நீங்கள் சுகமா, மழை பெய்தது, ராத்தாவுக்குச் சளி. ஒரு பக்கம் நிரம்புவதற்குள் பேனை நின்றுவிடும்.

அப்போதுதான் சிறாஜ் ஒரு பார்சல் அனுப்பினான். பிரித்துப் பார்த்து மறுபடி கட்டிய சணல் கயிறோடு அது வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு வீடியோ கசற். கூடவே ஒரு துண்டு.

“எங்கட அறையில ஒரு ரீவியும் டெக்கும் இருக்கு. சனி, ஞாயிறு பின்னேரம் ஒரு நாடகம் போகுது. நான் அதைப் பார்க்கிறனான். மூண்டு கிழமையில போனதை இதில பிடிச்சிருக்கிறன். நீயும் பார். பார்த்துப்போட்டு என்ன நினைச்சாய் எண்டு எழுது. எனக்கும் பாஷை விளங்குறதில்லை, யோசிக்காதை.”

துண்டின் கீழே ஆட்கள் யார் யார் என்று தனக்குத் தெரிந்த மட்டில் ஒரு பட்டியலும் போட்டிருந்தான்.

ராத்தா வீட்டு டெக்கில் போட்டால் படம் வெள்ளையும் கறுப்புமாகச் சுழன்றது. கொரியாக் கசற்றுக்கு வேறு மாதிரி டெக் வேண்டும் என்றார் வாடகைக்குப் படம் கொடுக்கிற நல்லதம்பி. எல்லாக் கசற்றும் ஓடக்கூடிய டெக் ஒன்று அடுத்த தெருவில் கமலாசனி மிஸ்ஸி வீட்டில் இருக்கிறது என்றும் அவரே சொன்னார். கமலாசனி, ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கனடாவிலிருந்து அனுப்பிய ரீவியையும் டெக்கையும் துணி போட்டு மூடி வைத்திருந்தார். ஸுஹறா கூச்சத்தோடு போய்க் கேட்டபோது, தனக்கும் பார்க்க ஒன்றும் இல்லாமல்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிந்தபின் வா என்றார்.

அப்படித் தொடங்கியது. கசற்றில் மொத்தம் ஆறு பகுதி இருந்தது. ஒரே மூச்சில் பார்த்துவிட மிஸ்ஸிக்கு ஆசைதான். ஸுஹறா ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கு வெள்ளி, கிழமைக்கு இரண்டு பகுதிதான். கணவர் அங்கே எப்படிப் பார்த்தாரோ அப்படியே தானும் பார்க்க வேண்டும் என்றாள்.

நாடகத்தில் ஒரு பெரிய வீடு. அதன் முற்றம் நிறைய இடுப்பளவு உயரமான மண் சாடிகள். அவற்றில் ஏதோ ஊறுகிறது. வீட்டுக்காரி தினமும் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பாள். அவளுக்குச் சாடிக்காரி என்று பெயர் வைத்தார்கள். அங்கே வந்து வேலை செய்கிற இளம்பெண், மழை இல்லாவிட்டாலும் குடையோடு வருகிறவள், நீலக்குடை. அவளுக்குப் பின்னால் திரிகிறவன், அந்த வீட்டில் வளர்ந்த சாடிக்காரியின் அண்ணன் மகன், கண்ணாடிக்காரன். சிறாஜின் பட்டியலில் சாடிக்காரிக்கு நேரே ‘அந்தப் பெண்ணுக்கு வரப்போகிற மாமி, பொல்லாதவள்’ என்று எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை பார்த்ததை ஸுஹறா சனிக்கிழமை கடிதத்தில் எழுதினாள். முதல் கிழமை ஒன்றரைப் பக்கம். மூன்றாம் கிழமை நாலு பக்கம். கண்ணாடிக்காரனை அவளுக்குப் பிடிக்கவில்லை. சாப்பிடும்போது மற்றவர்களுடைய கோப்பையைப் பார்க்கிறான், அப்படியானவனை நம்பக் கூடாது என்று எழுதினாள். நீலக்குடையின் சிநேகிதி வாய் ஓயாமல் கதைக்கிறாள், ஆனால் ஆபத்தில் அவள்தான் வந்து நிற்பாள், பாருங்கள் என்றாள். கடிதமும் கசற்றும் போக வர ஒரு மாதத்துக்கு மேல் பிடித்ததால், அவள் ஒன்றைச் சொல்லுகிற நேரத்தில் அது நடந்து முடிந்ததைச் சிறாஜ் ஏற்கெனவே பார்த்திருப்பான். அவன் கதையை உடைக்கமாட்டான். “சிநேகிதியைப் பற்றி நீ எழுதினதை வாசிச்சுச் சிரிச்சன். ஏனெண்டு சொல்லமாட்டன், பொறு” என்று மட்டும் எழுதுவான்.

இரண்டாவது கசற்றில் ஒரு காட்சி வந்தது. சாடிக்காரி நீலக்குடையைத் திட்டி வெளியே போகச் சொல்கிறாள். பெண் போனதும் வாசலுக்கு வந்து, அவள் விட்டுப்போன பழைய செருப்பைக் குனிந்து பார்த்து, உள்ளே எடுத்து வைக்கிறாள். மிஸ்ஸி அதைக் கவனிக்கவில்லை. ஸுஹறா திரும்பவும் போடச் சொல்லி மூன்று தடவை பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை எழுதினாள்: “மச்சான், நீங்கள் போட்ட பட்டியல் பிழை. சாடிக்காரி மாமியில்லை. செருப்பின் அளவைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். பிள்ளையைப் பெற்றவள்தான் அப்படிப் பார்ப்பாள். எங்கேயோ கொடுத்துவிட்டு, இப்போது பயப்படுகிறாள். திட்டுகிறது கோபத்தில் இல்லை.”

சிறாஜ் நம்பவில்லை. ஆனால் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் சமைக்கிற கொரியப் பெண்ணிடம், தெரிந்த அரைகுறைச் சொற்களைக் கொண்டு கேட்டுப் பார்த்திருக்கிறான். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஊரில் எல்லாரும் அதைத்தான் சந்தேகப்படுகிறோம், இன்னும் வெளியே வரவில்லை, உனக்கு யார் சொன்னது என்று கேட்டாளாம். என் மனைவி, அவள் இலங்கையில் இருக்கிறாள், ஒரு சொல்லும் விளங்காது என்றானாம். அதன் பிறகு ஸுஹறாவின் கடிதம் வந்தால், என்ன எழுதியிருக்கிறாள் என்று அந்தப் பெண் கேட்கத் தொடங்கினாள். அறையில் கூட இருந்த புத்தளத்து ஸுஹைரும் உரக்க வாசிக்கச் சொல்வான். இதையெல்லாம் சிறாஜ் எழுதியபோது ஸுஹறா கடிதத்தை மிஸ்ஸியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ராத்தாவிடம் காட்ட வெட்கமாக இருந்தது.

நாடகம் முடியாமல் நீண்டுகொண்டே போனது. கசற்றுகள் மிஸ்ஸியின் அலுமாரியில் ஒரு தட்டை நிறைத்தன. இரண்டு வருடம் இப்படிப் போனது.

தொண்ணூற்றெட்டில், மாரி தொடங்குகிற சமயம், ஒரு புதுக் கசற் வந்தது. போட்டவுடன் நாடகம் தொடங்கவில்லை. சோப்பு விளம்பரம் போனது. கார் விளம்பரம் போனது. ஒரு பெண் கொரிய வரைபடத்துக்கு முன்னால் நின்று மழையைப் பற்றிச் சொன்னாள். அதன் பிறகுதான் நாடகத்தின் பாட்டு வந்தது. முடிவில், நீலக்குடை கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்போதே படம் அறுந்துவிட்டது. அடுத்த பகுதியும் அப்படியே.

மிஸ்ஸி சலித்துக்கொண்டார். ஸுஹறா கசற்றைத் திரும்பச் சுற்றித் தொடக்கத்தைப் போட்டுப் பார்த்தாள். இதுவரை வந்த கசற்றுகள் ஒவ்வொன்றும் பாட்டின் முதல் சத்தத்தில் தொடங்கி கடைசிச் சத்தத்தில் நிற்கும். சிறாஜ் பக்கத்தில் உட்கார்ந்து கைவைத்துப் பிடித்தவை அவை. இதை நேரம் குறித்து வைத்ததில் டெக் தானாகப் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் சனி, ஞாயிறு பின்னேரம் அவர் அறையில் இல்லை.

வீட்டுக்கு வந்து கடைசி மூன்று கடிதங்களையும் எடுத்து வாசித்தாள். எழுத்து அதே எழுத்துத்தான். சுகம் என்றிருந்தது. அவள் எழுதியதற்கெல்லாம் பதிலும் இருந்தது. ஆனால் பொறு, பார், சொல்லமாட்டேன் என்பவை மூன்றிலும் இல்லை. நாடகத்தில் இனி என்ன வரும் என்பது அவருக்கும் தெரியாது. அவர் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளி மிஸ்ஸியிடம் சொன்னாள். மிஸ்ஸி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, ஆம்பிளைகள் தூரத்தில் தனியே இருந்தால் சனி, ஞாயிறுக்குப் போக இடம் தேடிக்கொள்வார்கள், நான் எத்தனையோ குடும்பத்தில் பார்த்திருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார். மனதை உறுதியாக வைத்துக்கொள் என்றும் சொன்னார்.

ஸுஹறாவுக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. இரண்டு நாள் அதோடு சோறு தின்றாள், அதோடு படுத்தாள். பாலர் பாடசாலையில் ஒரு பிள்ளை சீலையைப் பிடித்து இழுத்துக் கூப்பிட்டும் அவளுக்குக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். நாடகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. “சனி, ஞாயிறில் நீங்கள் அறையில் இல்லை. கசற்றைப் பார்த்து அறிந்துகொண்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். எதுவானாலும் எழுதுங்கள். வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்.”

பதில் வர முப்பத்தெட்டு நாள் ஆனது. அந்த நாட்களில் அவள் மிஸ்ஸி வீட்டுக்குப் போனாள், கதைத்தாள், கசற் போடவில்லை. மிஸ்ஸியும் போடச் சொல்லவில்லை.

சிறாஜ் எழுதியிருந்தான், நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று. இடது கை, வாளி வார்க்கிற அச்சு இயந்திரத்தில் அகப்பட்டுவிட்டது. மூன்று விரல் போய்விட்டது. எழுதுகிற கை நன்றாக இருந்தபடியால் சொல்லாமல் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். கசற் நின்றால் நீ யோசிப்பாய் என்று ஸுஹைரைப் பிடிக்கச் சொன்னேன், அவன் வேலைக்குப் போகுமுன் நேரம் குறித்துவிட்டுப் போகிறவன். அதில் நீ கண்டுபிடிப்பாய் என்று நினைக்கவில்லை.

ஸுஹறா கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மிஸ்ஸி வீட்டுக்குப் போனாள். மிஸ்ஸி வாசித்துவிட்டு முதலில், தான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு தாதியாக மாறி, காயம் எவ்வளவு நாளில் ஆறும், குளிரில் எப்படி வலிக்கும், கையை எப்படிப் பழக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸுஹறா அவற்றைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே எழுதி அனுப்பினாள். அழுகை வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. ராத்தா ஏன் என்று கேட்டு, தெரிந்துகொண்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தொண்ணூற்றொன்பது சித்திரையில் சிறாஜ் திரும்பி வந்தான். வவுனியாவுக்குள் நுழைகிற ஈரப்பெரியகுளம் சோதனைச் சாவடியில் பையைக் கவிழ்த்துப் பார்த்த பிறகு விட்டார்கள். ஊரார் வந்து பார்த்துப் போனார்கள். அவன் இடது கையைக் கட்டியிருந்த சாரத்தின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டே எல்லாரோடும் சிரித்துக் கதைத்தான். அவளோடும் அப்படித்தான். எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால், அது முடிஞ்ச கதை என்பான். அவளும் கடிதத்தில் வேறு ஒன்றும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள்.

இரண்டு மாதம் கழித்து நாடகத்தின் கடைசிக் கசற்றை ஸுஹைர் அனுப்பி வைத்தான். வெள்ளிக்கிழமை மூன்று பேரும் மிஸ்ஸி வீட்டில் உட்கார்ந்தார்கள். சிறாஜுக்கு இப்போது பாஷை ஓரளவு விளங்கும். ஆள் கதைக்கக் கதைக்கத் தமிழில் சொல்லத் தொடங்கினான்.

“தம்பி, குறை நினைக்காதையுங்கோ,” என்றார் மிஸ்ஸி. “நீங்கள் கதைச்சால் எங்களுக்கு அவையின்ர முகம் தெரியுதில்லை.”

அவன் வாயை மூடிக்கொண்டான். கடைசியில், சாடிக்காரிதான் நீலக்குடையைப் பெற்றவள் என்பது வெளியே வந்தது. கண்ணாடிக்காரன் ஒரு சண்டையில் அதைச் சொல்லிவிட்டான். நீலக்குடை ஓடிப்போய்ச் சாடிகளுக்கு நடுவே நின்று அழ, சாடிக்காரி வந்து கட்டிப்பிடித்தாள். பாட்டு வந்தது. மிஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வழியில் வரும்போது சிறாஜ் கேட்டான், இந்தக் கிழமை என்ன நினைத்தாய் என்று. மூன்று வருடம் எழுதியே பழகியவளுக்கு வாயால் சொல்லச் சொற்கள் அமையவில்லை. மில் மதிலைத் தாண்டும் மட்டும் நடந்தாள்.

“முடிவு பிழை,” என்றாள் பிறகு. “அந்தப் பிள்ளைக்கு அதைத் தாய் சொல்லியிருக்க வேணும். ஆரோ ஒருத்தன் சொல்லித் தெரியவந்தது எனக்குச் சரியாப் படேல்ல. பயமெண்டால் பயத்தோடையாவது சொல்லியிருக்கலாம்.”

சிறாஜ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவன் நின்றான். அவள் நாடகத்தைத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகே அது வேறு எங்கேயோ போய்ப் பட்டதை அவன் முகத்தில் பார்த்தாள். மாற்றிச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, பின்னறை வாசலில் உட்கார்ந்து அவன் சொன்னான். அன்றைக்கு இயந்திரத்தில் வாளி ஒட்டிக்கொண்டது. நிறுத்தாமல் கையை விட்டது தன் அவசரம்தான். ஆஸ்பத்திரியில் முதல் பத்து நாள் ஊருக்குத் திரும்பி வரவே கூடாது என்று நினைத்தான். இந்தக் கையோடு அவளுக்கு என்ன செய்து போடப்போகிறேன் என்று நினைத்தான். அவளுடைய கடிதங்களை உடைக்காமல் வைத்திருந்தான். ஸுஹைர்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடிக்காரனைப் பற்றி அவள் எழுதிய ஒரு பக்கத்தை வாசித்து அவனைச் சிரிக்க வைத்தான். சொல்லிக்கொண்டே இடது கையை வெளியே எடுத்து முழங்காலில் வைத்தான்.

ஸுஹறா அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து, மிஸ்ஸி சொல்லிக்கொடுத்த மாதிரி மணிக்கட்டிலிருந்து மெல்ல அழுத்திவிட்டாள்.

“அந்த நாளையில உங்களுக்குச் சாப்பாடு ஆர் தந்தது?” என்று கேட்டாள்.

“ஸுஹைர்தான். வேலை முடிஞ்சு கொண்டுவருவான், நான் தின்னமாட்டன் எண்டால் ஊட்டிவிடுவான்.”

“அவருக்கு நான் ஒரு கடிதம் எழுத வேணும்,” என்றாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலைத் தேத்தண்ணி முடிந்ததும் உட்கார்ந்து எழுதினாள். முதல் பக்கத்தில் நன்றி. மீதி மூன்று பக்கமும் நாடகத்தின் முடிவு ஏன் பிழை என்பது.