வெர்னா தேர்ந்தெடுத்த பதினெட்டு மலைகள்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கெட்டில் ஃபோர்க் சலவைக்கடையில் ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்காது. ஊரில் அழுக்குத் துணி கூடிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். வெர்னா டால்கிரென் அங்கே இருப்பாள், அவ்வளவுதான் காரணம். பனிச்சறுக்கு மலைகளுக்குப் போக அடுத்த பனிக்காலத்துக்கான பாஸ்கள் அந்த மாதத்தில்தான் விற்பனைக்கு வரும். எந்தப் பாஸை வாங்குவது என்று வெர்னாவிடம் கேட்காமல் வாங்குகிறவன் எங்கள் ஊரில் ஒன்று புதிதாகக் குடிவந்தவன், இல்லையென்றால் பணத்திமிர் பிடித்தவன்.

வெர்னா பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. ஐம்பத்தெட்டு வயது. துணி துவைக்கும் இயந்திரம் சுற்றுகிற நாற்பது நிமிடம் அவளுக்குப் போதும். பழைய மதிய உணவுப் பட்டியல்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு கட்டம் எழுதி வைத்திருப்பாள். எத்தனை மலை, ஒவ்வொரு மலையிலும் எத்தனை நாள், கிறிஸ்துமஸ் வாரத்தில் உள்ளே விடுவார்களா, முன்கூட்டியே இடம் பதிய வேண்டுமா, கால் முறிந்தால் பணம் திரும்புமா, கூட வரும் சிநேகிதனுக்குச் சலுகை உண்டா. எல்லாம் அந்தக் கட்டங்களில் இருக்கும். கேட்டவன் தலையை ஆட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

டயர் கடை டெல்பர்ட் மட்டும் வருஷா வருஷம் வாக்குவாதம் செய்வான்.

"வெர்னாக்கா, இந்தத் தடவை அந்த நாப்பது மலை பாஸையே எடுத்துடலாம்னு இருக்கேன். எல்லா மலையும் அதுல இருக்கு."

"போன வருஷம் எத்தனை நாள் சறுக்கினே?"

"ஒரு ஆறு நாள் இருக்கும்."

"எங்கே?"

"இங்கதான். டின்கப்புல."

"ஆறு நாளும் வீட்டு வாசல் மலை. அதுக்கு நாப்பது மலை கேக்குதா? அந்தப் பாஸ்ல ஜப்பான்ல ரெண்டு மலை இருக்குய்யா. உன் வண்டிக்குப் பாலத்தைத் தாண்டறதுக்குள்ளயே மூச்சு வாங்குது."

கடையே சிரிக்கும். டெல்பர்ட் முணுமுணுத்துக்கொண்டே அவள் சொன்னதைத்தான் வாங்குவான்.

இத்தனை மலைகளை விரல் நுனியில் வைத்திருந்தவள் அவற்றில் டின்கப்பைத் தவிர எதையும் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் அவள் புருஷன் ஆர்லோ. அவன் டின்கப் மலையில் பனியைச் சமன் செய்யும் இயந்திரத்தை ஓட்டுகிறவன். சறுக்குகிறவர்களை மேலே கொண்டுபோகும் லிஃப்ட் நின்றபிறகு ஏறி, விடியும் வரை ஓட்டி, ஊர் விழிக்கும்போது வீட்டுக்கு வந்து படுப்பான். முப்பத்தொரு வருஷம் அப்படித்தான். ஒருவர் தூங்கும்போது ஒருவர் வேலைக்குப் போகிற வீட்டில் ஊர் சுற்ற யாருக்கு நேரம்? மலைகள் வெர்னாவுக்குக் கட்டத்துக்குள் எழுதிய பெயர்களாகவே இருந்தன. அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு பிப்ரவரியில் ஆர்லோ இயந்திரத்தைக் கொண்டுபோய் லிஃப்ட் கம்பத்தில் மோதினான். யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தக் கம்பத்தை அவன் முப்பத்தொரு வருஷமாகச் சுற்றிப் போகிறவன். "கம்பம் இருந்துச்சு, எனக்குத்தான் தெரியல" என்றான். கண் டாக்டர் சோதித்துவிட்டுச் சொன்னார்: பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, இருட்டில் முதலில் போகும், நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வரப்போகும் பனிக்காலம் முழுக்க அந்த வட்டம் இருக்கும். அதற்கடுத்த பனிக்காலத்துக்கு அவரால் உறுதி சொல்ல முடியவில்லை.

அந்த மார்ச்சில் சலவைக்கடையில் வெர்னா ஊருக்கெல்லாம் பாஸ் சொல்லி முடித்துவிட்டுத் தன் காகிதத்தை எடுத்தாள். எடுத்தவள் எழுதவேயில்லை.

"என்னக்கா, உனக்கே பாஸ் புரியலையா?" என்றான் டெல்பர்ட். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் ஈரத் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு நகர்ந்தான்.

வீட்டுக்கு வந்து ஆர்லோவிடமே கேட்டாள். "இந்த வருஷம் நாம போறோம். உனக்கு என்ன பாக்கணும், சொல்லு."

"பகல்" என்றான் ஆர்லோ.

"என்னய்யா பகல்?"

"ஒரு மலைய பகல்ல முழுசா பாக்கணும் வெர்னா. முப்பத்தொரு வருஷமா விளக்கு விழுற தூரந்தான் எனக்கு மலை. அதுக்கு மேல ஒண்ணு நிக்குதுன்னு தெரியும். பாத்ததில்ல."

எந்த மலை என்று கேட்டதற்கு யோசிக்காமல் சென்டினல் என்றான். எங்கள் மாநில எல்லை தாண்டி வயோமிங்கில் இருக்கிறது. மூன்று இயந்திரங்கள் சேர்ந்து விடிய விடிய ஓடினாலும் அங்கே ஒரு பக்கச் சரிவுகூட முடியாது என்று இயந்திரம் ஓட்டுகிறவர்கள் பேசிக்கொள்வார்கள்.

அன்றைக்கு வெர்னா பழைய கட்டங்களையெல்லாம் அடித்துவிட்டாள். நாற்பது மலை பாஸில் பாதி மலைகளுக்கு விமானம் ஏற வேண்டும். ஆறு மலை பாஸில் எத்தனை நாள் வேண்டுமானாலும் போகலாம், ஆனால் ஆறும் ஒரே தொடரில் தோளோடு தோள் உரசி நிற்பவை, ஒன்றைப் பார்த்தால் ஆறையும் பார்த்த மாதிரி. கடைசியில் அவள் எடுத்தது எங்கள் டின்கப்பின் சாதாரணப் பாஸைத்தான். சின்ன மலைக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டில், டின்கப் பாஸ் வைத்திருப்பவர் வேறு பதினெட்டு மலைகளுக்கு இரண்டிரண்டு நாள் போகலாம். எல்லாம் காரில் போகிற தூரம். எப்படியோ சென்டினலும் அந்தப் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

டிசம்பரில் கிளம்பினார்கள். வாரக் கடைசியில் பள்ளி விட்டதும் வெர்னா காரை எடுப்பாள். சரிவில் அவள் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு முன்னால் மெதுவாகச் சறுக்குவாள், அந்த நிறத்தைத் தன் வட்டத்துக்குள் பிடித்துக்கொண்டு ஆர்லோ பின்னால் வருவான். ஆனால் சறுக்குவது அவனுக்கு முக்கியமில்லை. உச்சிக்குப் போனதும் நின்றுவிடுவான். வட்டத்துக்குள் ஒரு மலை முழுதாக அடங்காது. அதனால் ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைத் திருப்பி, வீட்டுச் சுவரை வெள்ளையடிப்பது போல, பட்டை பட்டையாகப் பார்த்து முடிப்பான்.

முதல் மலையில் வெர்னாவுக்குக் கால் விறைத்துச் சலிப்புத்தான் வந்தது. மூன்றாவது மலையில் அவன் பார்க்கிற திசையில் தானும் பார்த்தாள். பனியின் மேல் மேக நிழல் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு பள்ளத்தாக்கை முழுதாக மூடிவிட்டு, அடுத்த முகட்டில் ஏறிப் போயிற்று. இதை நான் 'இரண்டு நாள், பதிவு தேவையில்லை' என்றல்லவா எழுதி வைத்திருந்தேன் என்று அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் கால் விறைக்கிறது என்று சொன்னதேயில்லை.

சென்டினலை மார்ச் கடைசிக்கு வைத்தாள். அப்போதுதான் வானம் அதிகம் வெளுத்திருக்கும் என்பது அவள் கணக்கு. பள்ளி விடுமுறையில் மூன்று பகல் கையில் இருந்தது.

வானம் யார் கணக்கைக் கேட்டது? முதல் நாள் மேலே போனார்கள். மூடுபனியில் ஆர்லோவுக்கு அவள் ஆரஞ்சுச் சட்டையே தெரியவில்லை. பாஸில் இருந்த இரண்டு நாளில் ஒரு நாள் போயிற்று. அடுத்த நாள் காற்று. உச்சி லிஃப்ட்டை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் என்று வானொலியில் சொன்னார்கள். "இன்னைக்கு எங்கயும் போக வேண்டாம். மிச்ச நாளைப் பத்திரமா வெச்சுப்போம்" என்றாள் வெர்னா.

மாலை மூன்றே முக்காலுக்கு அவள் காபி வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஆர்லோ லிஃப்ட் வாசலில் குனிந்து நின்றுகொண்டிருந்தான். அங்கே புதிதாகச் சமன் செய்த பனியில் வரி வரியாகக் கோடு விழுந்திருந்தது. கோட்டின் ஆழத்தை விரலால் அளந்துகொண்டே ஒவ்வோர் அடியாக முன்னால் போனான். கேட் 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டுப் பச்சை விளக்கைக் காட்டித் திறந்தது.

முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் நின்றபிறகு வேலைக்கு வந்தவன், இந்தப் பனிக்காலம் முழுக்க வெர்னாவின் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டைத் தாண்டியவன்; அவனுக்குக் கேட்டைப் பற்றி என்ன தெரியும்? பாஸ் அட்டை சட்டைப் பைக்குள் இருந்தாலே போதும், கேட் அதைப் படித்துக்கொள்ளும். படித்தால் ஒரு நாள் செலவு. தொலைந்துவிடும், பையை விட்டு எடுக்கவே எடுக்காதே என்று அவனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவள் வெர்னாதான்.

கேட்டில் நின்ற லோயிஸ் என்ற பெண் நல்லவள். அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. "படிச்சா படிச்சதுதான்மா. நான் கையால அழிக்க முடியாது. நாளைக்கு டிக்கெட்டும் போன வாரமே தீந்துபோச்சு. உங்க அட்டையில ஒரு நாள் இருக்கு, நீங்க மட்டும் போலாம்."

விடுதி அறையில் ஆர்லோ காலணியைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. நீ சொன்னா எனக்குப் போதும்."

"போதாது" என்றாள் வெர்னா. ஊருக்கெல்லாம் நாள் எண்ணிக் கொடுத்தவள், தன் புருஷனுக்கு ஒரே ஒரு நாளைக் காப்பாற்றத் தெரியாமல் விட்டுவிட்டாள். பாஸோடு வந்த விதித்தாளை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தாள். இருபது வருஷமாக அவள் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் கடைசி வரிக்கு வந்தாள். பாஸ் வைத்திருப்பவர்கள் பட்டியலிலுள்ள எந்த மலையிலும், லிஃப்ட் ஓடாத காலை நேரத்தில், குறித்த பாதை வழியாக, சொந்தக் காலில் மலையேறலாம். ஒன்பது மணிக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். நாள் கணக்கு இல்லை.

லிஃப்ட்டுக்காகத்தான் பாஸே வாங்குகிறோம், நடப்பதற்கு எவன் வாங்குவான் என்று அந்த வரிக்கு அவள் கட்டம் போட்டதேயில்லை.

"ஆர்லோ, உன் முழங்கால் எப்படி இருக்கு?"

"கண்ணைவிடத் தேவலாம்."

லோயிஸ் தன்னுடையதும் தோழியுடையதுமாக, பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் சட்டங்களை இரவல் கொடுத்தாள். கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும் ஏறினார்கள். அரை வெளிச்சத்தில் ஆர்லோவுக்கு ஒன்றுமே தெரியாது. வெர்னாவின் கைத்தடியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஆனால் காலடியில் பனி எப்படி என்று அவன்தான் சொல்லிக்கொண்டு வந்தான். "இங்க கெட்டி. இங்க மிஷின் திரும்பியிருக்கு, இடது பக்கம் போ." எழுபது அடிக்கொருமுறை நின்றார்கள். வெர்னா அவனைத் திட்டினாள், மலையைத் திட்டினாள், தான் இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் தின்ற வெண்ணெய் பிஸ்கட்டுகளைத் திட்டினாள்.

முகட்டுக்கு வந்தபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. வெயில் முழுதாக விழுந்திருந்தது. ஆள் அரவமில்லை. எதிரே சென்டினலின் பெருஞ்சிகரம் நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று, வானம் முடிகிற இடம் வரை வெள்ளை வெள்ளையாக எழுந்துகொண்டே போயின. இவ்வளவு பெரியதை யார் யாருக்கு இரண்டு நாள் என்று பிரித்துக் கொடுக்க முடியும்? தான் உயிரோடு இருப்பதே ஒரு பெரிய சலுகை என்று வெர்னாவுக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள்.

"பேசாதே" என்றான் ஆர்லோ. "இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்."

தெற்கு ஓரத்திலிருந்து பட்டை பட்டையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். அவசரமேயில்லை. ஓர் இடத்தில் நெடுநேரம் நின்றான். ஒரு தடவை, பார்த்த இடத்துக்கே திரும்பிப் போனான். அவன் கன்னத்தில் வழிந்த நீர் குளிரால் வந்ததா என்று அவள் கேட்கவில்லை.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரோந்துப் பெண் ஒருத்தி பனிவண்டியில் ஏறி வந்தாள். "அம்மா, ஒன்பது மணிக்கு லிஃப்ட் ஓட ஆரம்பிச்சுடும். நீங்க இறங்கணும். விதி."

"தெரியும்மா. விதிய எனக்கு யாரும் சொல்ல வேண்டாம், நான் ஊருக்கே சொல்றவ" என்றாள் வெர்னா. "என் வீட்டுக்காரருக்குக் கண்ணு போயிட்டிருக்கு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பாக்க முடியும். பாதி மலைதான் முடிச்சிருக்கார். நான் இறங்கப் போறதில்ல." சொல்லிவிட்டுப் பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் ஆயுளில் விதியை மீறியது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பெண் ஆர்லோவின் தலை மெல்லத் திரும்புவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வண்டியை அணைத்து, அவன் பார்வைக்குக் குறுக்கே நிற்காதபடி பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு இறங்கி நின்றாள்.

ஆர்லோவின் தலை வடக்கே வந்தது. அங்கே வெர்னா உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் தள்ளு வெர்னா, மலைய மறைக்கிறே."

அவள் எழப் போனாள்.

"இல்ல, இரு" என்றான். "அப்படியே இரு."

நெற்றியிலிருந்து தொடங்கினான். மலைக்கு எடுத்துக்கொண்ட அதே நிதானத்தோடு புருவம், கன்னம், குளிரில் சிவந்த மூக்கு என்று கீழே வந்தான். கீழே முதல் லிஃப்ட் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. அவன் பார்த்து முடிக்கும் வரை வெர்னா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.