கட்டடம் குடித்த வெல்லம்

'பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கும்போது, அது முதலில் எந்தச் சாமானால் கட்டப்பட்டதோ, அதே சாமானையே உபயோகிக்க வேண்டும்.'

விதி. மராமத்து வேலைகளுக்கான விதி. மராமத்து ஆபீஸில் கிளார்க்காக முப்பது வருஷம் இந்த வாசகத்தை நகல் எடுத்தே என் விரலில் காய்ப்பு விழுந்திருக்கிறது. ஆகவே எனக்கு மறக்காது. எழுதியவர்களுக்குத்தான் மறந்துபோகும்.

போன செவ்வாய்க்கிழமை விழுப்புரம் ஜங்ஷனில் வண்டிக்காகக் காத்திருந்தேன். வண்டி லேட். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார்... திண்டிவனத்துல கட்டடத்துக்கு வெல்லம் ஊட்டினவரு நீங்கதானே?"

"நான்தான்."

"பர்மிட் இல்லாமயா?"

"பர்மிட்டுக்கு எழுதிக் குடுத்துட்டு."

மனிதர் பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்துவிட்டார்! வாசகர்களும் அப்படி நகர்ந்துவிடக் கூடாதே... அதனால் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடம். கீழே வாசகசாலை, மேலே படக்கூடம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரத்தில் சம்பாதித்த ஒருவர் ஊருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது. படம் என்றால் சாமி படம் இல்லை. மரக்காணத்து உப்பளம், செஞ்சி மலை, மல்லாட்டை பிடுங்கும் பெண்கள்... எல்லாம் கையால் வரைந்து வண்ணம் தீட்டியவை. அவர் எழுதி வைத்த சாசனத்தில் ஒரு வரி உண்டு. 'இந்தக் கட்டடம் நிற்கும் வரை, எந்த ஜாதியாரும் முன்வாசல் வழியாக உள்ளே வரலாம்.'

நிற்கும் வரை! அந்த இரண்டு வார்த்தையில்தான் வினையே இருந்தது.

தளம் ஒழுக ஆரம்பித்தது. மேற்பார்வைக்கு வந்த ஓவர்சீயர், ஐப்பசி மழைக்குள் ஒழுக்கை அடைக்காவிட்டால் கட்டடத்தை இடித்துவிடலாம் என்று எழுதிவிட்டுப் போனார். கமிட்டிக் காரியதரிசியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இடித்தால் புதுக் கட்டடம் வரும். புதுக் கட்டடத்துக்குப் புது விதி எழுதலாம். அதில் முன்வாசலைப் பற்றி என்ன எழுதுவார் என்று ஊகிக்க ஜோசியர் வேண்டுமா?

நான் அந்தக் கமிட்டியில் கௌரவ அங்கத்தினன். அதாவது, மனு எழுத ஆள் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். மனு எழுதத் தெரிந்தவன் சாசனத்தையும் படிப்பான் என்பதை யோசிக்கவில்லை.

மதராஸிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்டை வரவழைத்தேன். தாமோதரன் என்று பெயர். அவரும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து சின்னக் கம்பெனி நடத்துகிறார்கள். பழைய கட்டடம், பழைய படக்கூடம்... இவற்றைப் புதுப்பிப்பதுதான் அவர்கள் வேலை. "ஏன், புதுசா கட்டத் தெரியாதா?" என்று காரியதரிசி கேட்டார். "தெரியும். இடிக்கத்தான் தெரியாது," என்றார் தாமோதரன். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவர் தளத்தில் ஏறி, தவழ்ந்து, தட்டிப் பார்த்தார். மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து அடித்த தளம். எங்கே ஒழுகியது தெரியுமா? நாலு வருஷம் முன்பு ஒழுக்கை நிறுத்துவதற்காக சிமென்ட் பூசிய இடத்தில்! வெயிலில் சுண்ணாம்பு ஒரு விதமாக விரியும், சிமென்ட் வேறு விதமாக விரியும். நடுவில் விரிசல். விரிசலில் தண்ணீர்.

"சிமென்டைப் பேர்த்து எடுத்துட்டு, சுண்ணாம்புத் தளமே போடணும். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி தெளிச்சு அடிக்கணும்," என்றார். "முதல்ல அப்படித்தான் போட்டிருக்காங்க."

அதே சாமான். விதி என் பக்கம். வேறென்ன வேண்டும்?

வெல்லம் வேண்டும். அது யுத்த காலம். மொத்தமாக வெல்லத்தை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக பர்மிட் வேண்டும். ஆறு மணங்கு வெல்லத்துக்கு ஆவணி மாதமே மனு எழுதி, சப்ளை ஆபீஸில் நேரிலேயே கொடுத்தேன். கிளார்க் படித்தார். மறுபடி படித்தார்.

"எத்தினி பேரு சாப்பிடப் போறாங்க சார்?"

"யாரும் சாப்பிடப் போறதில்லை. கட்டடத்துக்கு."

"கட்டடத்துக்கு ரேஷன் கார்டு இருக்குதா?"

கேலி இல்லை. பாரத்தில் அந்தக் கட்டம் இருந்தது. அவர் நிரப்பியாக வேண்டும். 'இல்லை' என்று எழுதிக்கொண்டு, பதில் வரும் என்றார்.

ஆவணி போயிற்று. புரட்டாசியும் பாதி போயிற்று. பதில்? மூச்!

சுண்ணாம்புத் தளம் அடிக்கும் பெண்களுக்குத் தலைவி சவரியம்மாள். திண்டிவனத்துக்கு வெளியே சேரியில் வீடு. ஞாயிற்றுக்கிழமை மாதாகோவிலில் பூசை முடிந்ததும், நேரே படக்கூடத்துக்கு வந்து ஒரே படத்தின் முன்னால் நிற்பாள். மல்லாட்டை பிடுங்கும் பெண்கள் படம். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"அதுல மூணாவதா குனிஞ்சிகினு இருக்குதே, அது எங்க அத்தைங்க. என்னை வளத்தவங்க. காலராவுல பூட்டாங்க. வேற இன்னா இருக்குது எங்கிட்ட, அவங்க மூஞ்சியப் பாக்கறதுக்கு?"

ஊரில் அவள் முன்வாசல் வழியாக நுழையக்கூடிய கட்டடம் மொத்தம் இரண்டு. ஒன்று அவள் கோவில். இன்னொன்று இது.

பதில் வரவில்லை என்று நான் சொன்னதும் அவள் கேட்டாள்: "ஏங்க பெரிய கிளார்க்கய்யா, பதில் வர்ற வரிக்கும் மழை நிக்குமா? மழைக்கு மனு குடுத்திருக்கீங்களா?"

வீட்டுக்குப் போய், பர்மிட் கேட்கும் அந்த வெல்ல உத்தரவை மூன்று முறை படித்தேன். வெல்லத்தைக் கொண்டுபோகத்தான் தடை. விழுப்புரத்தை அடுத்த காணை கிராமத்தில் கரும்பு வைத்திருக்கும் ஒருவர், சொந்த வெல்லத்தைச் சொந்தக் களத்தில் தண்ணீரில் கரைத்தால்? தடை இல்லை. அதில் கடுக்காயைப் போட்டு, மனிதன் வாயில் வைக்க முடியாதபடி பத்து நாள் ஊற வைத்தால்? அது உணவுப் பொருளே இல்லை. அதற்குப் பிறகு வண்டியில் ஏற்றினால்?

ஏற்றினோம். எட்டுப் பீப்பாய், இரண்டு மாட்டு வண்டி. பதம் பார்க்க சவரியம்மாள் ஒரு வண்டியில். சட்டம் பார்க்க நான் இன்னொன்றில்.

நான் எல்லா விதியையும் யோசித்தேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். வெல்லத் தண்ணீர் பத்து நாள் ஊறினால், நம் ஜில்லாவில் அதற்கு வேறொரு பெயர் உண்டு!

விக்கிரவாண்டியில் கலால் இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்தினார். மூடியைத் திறந்தார். வாசனை கடைத்தெரு முழுக்கப் போயிற்று. தூரத்தில் இரண்டு பேர் ஆசையோடு எழுந்து நின்றார்கள்.

"சாராய ஊறல்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஊறல்தாங்க," என்றாள் சவரியம்மாள். "கட்டடத்துக்கு ஊத்தறதுங்க."

"யாருகிட்ட கதை வுடறே?"

நான் இறங்கி வந்து விளக்கினேன். அவர் நம்பவில்லை. எட்டுப் பீப்பாயையும் கைப்பற்றி, மாதிரியை ரசாயனப் பரீட்சைக்கு மதராஸுக்கு அனுப்புவதாகச் சொன்னார். முடிவு வர இரண்டு மாதம் ஆகும். மழைக்கு இருந்ததோ மூன்று வாரம்.

"தாராளமா கைப்பத்துங்க சார்," என்றேன். "பட்டியல் மூணு பிரதி. சாட்சி ரெண்டு பேர். ஒவ்வொரு பீப்பாயையும் காத்துப் போகாம அடைச்சு அரக்கு முத்திரை வைக்கணும். கேஸ் முடியற வரைக்கும் உங்க ஆபீஸ்லதான் இருக்கணும். விதி அப்படி."

"விதி எனக்கும் தெரியும்!" அரக்கைக் கொண்டுவரச் சொன்னார்.

"ஐயா, அத்த அடைக்காதீங்க," என்றாள் சவரியம்மாள். "உள்ள பொங்கிக்கினு இருக்குது."

"நீ சும்மா இரு."

முதல் பீப்பாயை அடைத்தார்கள். அரக்கு வைத்தார்கள். உச்சி வெயில். இரண்டாவது சாட்சி தன் பெயரைப் பாதி எழுதியிருப்பார்...

டமால்!

மூடி எதிர்க் கடையின் கூரையில் விழுந்தது. இன்ஸ்பெக்டரின் காக்கிச் சட்டை பழுப்புச் சட்டையாயிற்று. சாட்சி ஓடிவிட்டார்.

"சொன்னேனுங்களே," என்றாள் அவள், ரொம்ப மரியாதையாக. "இன்னும் ஏழு இருக்குதுங்க. ஜல்தி அடைச்சுடலாமா?"

இன்ஸ்பெக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இப்போது குரலில் அதிகாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்: 'இந்தத் தண்ணீர் முழுவதும் திண்டிவனம் கட்டடத்தின் தளத்தில்தான் ஊற்றப்படும்; வேறு காரியத்துக்குப் போனால் என் பென்ஷனை நிறுத்திவிடலாம்.' மிச்சப் பீப்பாய்களை விட்டுவிட்டு, மூன்றாம் நாள் தாமே வந்து பார்ப்பதாகச் சொன்னார். முப்பது வருஷத்துப் பென்ஷன். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை தளம் அடிக்க ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு பெண்கள், வரிசையாக உட்கார்ந்து, தட்டையான மரக்கட்டையால். ஒரு தெளிப்பு, பத்து அடி. நகர்ந்து உட்கார்ந்து மறுபடி. எப்போது நிறுத்துவது? கட்டை தானாகத் துள்ளி எழ வேண்டும், தளத்தில் தடம் பதியக் கூடாது. அதற்கு முன்னால் பாதியில் விட்டால் அத்தனையும் வீண். சுரண்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். சாப்பாட்டுக்குக்கூட முறை வைத்துத்தான் இறங்கினார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே காரியதரிசி. முகம் நிறைய வெற்றி.

"பர்மிட் வந்திச்சா?" என்று காரியதரிசி கீழிருந்து கத்தினார்.

"வரலை," என்றேன் மேலிருந்து.

"அப்ப வேலைய நிறுத்துங்க!"

கைப்பிடிச் சுவருக்கு மேல் தாமோதரனின் தலை தெரிந்தது. "இப்ப நிறுத்தினா தளம் போயிடும் சார். கட்டை இன்னும் துள்ளலை."

"கமிட்டி உத்தரவுய்யா!"

சவரியம்மாள் கையிலிருந்த கட்டையை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. "மேல வாங்க சாமி. எங்க பக்கத்துல குந்திக்கினு, ஒரு தபா தட்டிப் பாத்துட்டு அப்புறம் நிறுத்தச் சொல்லுங்க. எடம் உடறோம்."

காரியதரிசி ஏணியைப் பார்த்தார். அதில் யார் யார் கால் பட்டிருக்கும் என்ற யோசனை அவர் முகத்தில் ஓடியது எனக்கு மேலிருந்தே தெரிந்தது. முதல் படியில்கூடக் காலை வைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றினார். ஏறினார். பானையில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

கடுக்காயை ருசி பார்த்திருக்கிறீர்களா? மனிதரின் முகம் கசங்கிய காகிதம் மாதிரி சுருங்கியது. பன்னிரண்டு பெண்களும் சிரித்தார்கள். ஆனால் ஒரு கட்டைகூடத் தாளம் தப்பவில்லை.

"கொஞ்சமா குடிங்க ஐயா," என்றாள் ஒருத்தி. "வவுத்தால பூடும்."

அவர் சுவர் ஓரம் வந்து கீழே பார்த்தார். "சார், இத்தை எவனும் குடிக்க மாட்டான். என் வேலை முடிஞ்சுது. வெல்லம் வேற இலாகா. சந்தேகமிருந்தா மேல வாங்க, நீங்களும் ஒரு வாய் பாருங்க."

நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டார். காரியதரிசி குடையை விரித்துக்கொண்டு போனார். அன்று மழை இல்லை. வெயிலும் அவ்வளவு இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கட்டைகள் துள்ளின. அதன் பிறகு தட்டு ஓடு பதித்து முடிக்க ஒரு வாரம்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஓவர்சீயர் வந்து, படக்கூடத்துக்குள்ளேயே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் நின்றார். பிறகு குடையை மடக்கி, முன்பு எழுதியதை அடித்துவிட்டு, 'கட்டடம் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சவரியம்மாளும் மற்றப் பதினொருவரும் பூசைக்குக் கட்டிய சேலையோடு வந்தார்கள். வாசலில் நின்ற காரியதரிசி எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். "இன்னா சாமி, தொலைச்சிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவள் உள்ளே போனாள். முன்வாசல் வழியாகத்தான். மாடியில் எல்லோரும் படங்களைப் பார்த்தார்கள்; அவள் மட்டும் முதலில் அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு தேக்குச் சட்டமாக, மூலை மூலையாக. அப்புறம்தான் அத்தையிடம் போனாள்.

சரி, பர்மிட்? அதை மறக்கலாமா? யுத்தம் முடிந்தது. தளத்துக்கு இரண்டு மழைக்காலம் முடிந்தது. தாமோதரன் கம்பெனி வேறு இரண்டு பழைய கட்டடங்களை எடுத்துச் செய்துகொண்டிருக்கிறது. வேலையை நிறுத்துவதற்காகவே விதி இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். விதியை முழுதாகப் படியுங்கள். பாதி விதி வேலை செய்யச் சொல்லித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பதில் வந்துவிட்டது. பழுப்பு உறை, இரண்டு முத்திரை, ஒற்றைப் பத்தி: 'மனுதாரரின் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. உத்தரவு கிடைக்கும் வரை தளம் போடும் வேலையை ஆரம்பிக்கக் கூடாது.'

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டு, விதிப்படி தேதியும் எழுதினேன்: 1946 மார்ச் 11, திங்கட்கிழமை.