ஐந்தாவதாக ஓடிய பொன்னையா

போன திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து எங்கள் ஓட்ட அணியின் கருப்பசாமி மேட்டில் ஓடி வந்தான். பயிற்சி இல்லாத நாளிலும் ஓடுகிறானே என்று மகிழ்ந்துபோய், பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்த ஸ்டாப் வாட்சை அழுத்தினேன். அந்த மேட்டை அவன் அவ்வளவு வேகமாக ஏறி நான் பார்த்ததில்லை. பாராட்ட வாயெடுப்பதற்குள், "சார், பொன்னையண்ணன் செத்துப்போயிட்டாரு" என்றான். எந்தப் பொன்னையா என்று கேட்டேன். நம் எஸ்டேட்டில் வேறு பொன்னையா இல்லை. பையில் வாட்ச் மத்தியானம் வரை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. எனக்கும் அதேதான். சனிக்கிழமை ஆறு மைல் ஓடிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு என்னைக் கேலி செய்த மனிதர், திங்கட்கிழமை விடியலில் அடுப்படியில் உட்கார்ந்து பாலில்லாத கட்டஞ்சாயா குடிக்கும்போது மார் வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்துவிட்டாராம். ஜீப் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எழுதுகிறேனே தவிர, எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

உங்களில் பலர் அவரை ஏலக்காட்டில் களை வெட்டுகிறவராக அறிவீர்கள். நான் அறிந்தது ஓட்டக்காரராக. பாலக்காட்டில் கொங்குத் தமிழ் பேசும் வடகரப்பதியிலிருந்து இந்த சக்குபள்ளத்து மலைக்கு டிரில் வாத்தியாராக வந்த நான், தொழிலாளர்களில் ஐந்து பேரைச் சேர்த்து அணி அமைத்தேன். எஸ்டேட்டுகளுக்கிடையே ஆண்டுதோறும் நடக்கும் ஆறு மைல் ஓட்டம்தான் இலக்கு. ரோட்டில் கிலோமீட்டர் கல் நட்டுவிட்டார்கள், நாங்கள் இன்னும் மைலில்தான் ஓடுகிறோம். அந்தப் போட்டியில் ஐந்தாவது ஆள் கோட்டைத் தாண்டும் நேரம்தான் அணியின் நேரம். எங்கள் ஐந்தாவது ஆள் எப்போதும் பொன்னையா.

சனிக்கிழமைதோறும் ஒவ்வொருவர் நேரத்தையும் நோட்டில் குறிப்பேன். மற்ற நால்வருக்கும் வாரா வாரம் நேரம் குறைந்தது. பொன்னையா மட்டும், நால்வரில் மெதுவான கருப்பசாமிக்குப் பின்னால், வழி நெடுக ஏதோ கத்திக்கொண்டே வருவார். மூச்சை வீணாக்குகிறாரே என்று எனக்கு எரிச்சல்.

"ஏனுங்க பொன்னையா, கொஞ்சம் முன்னால போகக் கூடாதுங்களா?"

"பின்னாடி ஒரு ஆளு வேணும்ல சார்" என்பார்.

சாக்குப்போக்கு என்று நினைத்தேன். போன ஆண்டு போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவரை நீக்கிவிட்டு, ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் இளைஞன் ஒருவனைச் சேர்த்தேன். நல்ல கால். ஆனால் காட்டில் ஒரு நாள்கூட வேலை செய்யாதவன்.

மூன்றாவது மைலில் பாதை ஏலக்காட்டுக்குள் நுழையும். அன்று மூடுபனி. முதலாவதாக உள்ளே போன எங்கள் அணி கடைசியாக வெளியே வந்தது. கோட்டருகே நின்று தொண்டை கிழியத் திட்டினேன். கருப்பசாமி திருதிருவென்று விழித்துவிட்டு, "பின்னாடி சத்தம் வரல சார். அதான் நின்னோம்" என்றான்.

அன்றுதான் எனக்கு விஷயமே தெரியும். காட்டில் பனி இறங்கினால் நாலு எட்டுக்கு அப்பால் ஆள் தெரியாது. வரிசையாக வரும்போது கடைசி ஆள் குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். குரல் நின்றால் அவருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று முன்னால் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். கால்களுக்கே பழகிப்போன வழக்கம். நான்கு பேரும் போட்டியின் நடுவில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க, மற்ற அணிகள் தாண்டிப் போயிருக்கின்றன. பனியில் பின்தங்கிவிட்ட ஸ்டோர்காரனுக்குக் குரல் கொடுக்க வேண்டுமென்று யார் சொன்னார்கள்?

வேடிக்கை பார்க்க வந்திருந்த பொன்னையா எனக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "நீங்க பாலக்காட்டுச் சமவெளிக்காரரு. காடு தெரியாது. குடிங்க சார்" என்றார். என் தப்புதான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை, கூப்பிடாமலே பயிற்சிக்கு வந்தார். நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பழையபடி பின்னால் கத்திக்கொண்டே ஓடினார். இந்த ஓராண்டில் கருப்பசாமி வேறு ஆளாகிவிட்டான். போன சனிக்கிழமை ஐந்தாவது ஆளின் நேரமே இரண்டு நிமிடம் குறைந்திருந்தது. அன்றிரவே பட்டியல் எழுதினேன். முதல் பெயர் பொன்னையா. திங்கட்கிழமை மாலை எல்லோர் முன்னாலும் படித்து, போன ஆண்டு தப்பு என்னுடையது என்றும் சொல்லிவிட எண்ணியிருந்தேன். சனிக்கிழமையே சொல்ல என்ன கேடு? கௌரவம்தான். கருப்பசாமி மேடேறி வந்தபோது அந்தத் தாள் வாட்சோடு என் பையில் இருந்தது.

மயானத்துக்கு ஏலக்காட்டு வழியாகத்தான் போனோம். அணியின் நால்வரும் பாடை சுமந்தார்கள். அவர்கள் நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் நான் கடைசியில் வந்தேன். பாதி வழியில் பனி இறங்கியது. முன்னால் எல்லோரும் நின்றுவிட்டார்கள். தோள் மாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் மாற்றவில்லை. பாடையைச் சுமந்தபடி, பின்னால் காது கொடுத்து நின்றார்கள்.

புரிவதற்குக் கொஞ்ச நேரமானது. பிறகு என் கொங்குக் குரலில், "வந்துட்டேனுங்க, போங்க" என்று கத்தினேன். பாடை நகர்ந்தது. மயானம் வரைக்கும் கத்திக்கொண்டே போனேன்.

பொன்னையாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் குரல் ஒன்றுதான். அடுத்த மாதப் போட்டியில் ஐந்தாவது ஆளாக நானே ஓடுகிறேன். என் காலை நம்பி ஜெயிக்க முடியாது என்று கருப்பசாமிக்கும் தெரியும். ஆனால் இந்த முறை காட்டுக்குள் யாரும் நிற்கமாட்டார்கள்.