தேசிக்காய் தேய்த்த தலை

1. பாலாவி ஊர்க் கடையில் எண்ணெய்ப் பிசுக்குத் தலைக்கு ஷாம்பு தேடினேன்.
2. ஒரு போத்தலைத் திறந்து மணந்தேன், தேசிக்காய் வாசம், அதே எலுமிச்சைப் புளிப்பு.
3. வாங்காமல் வந்துவிட்டேன்.

யுத்தம் முடிந்த பிறகும் நாங்கள் அகதி முகாமில்தான் இருந்தோம். உம்மா என் தலையில் முதலில் தேசிக்காய் தேய்ப்பார். பிறகு சவர்க்காரம் போட்டு உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவுவார். காய்ந்ததும் முடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

"கேம்ப் புள்ள, தலையிலயா வடை பொரிச்ச?" என்று வகுப்பில் சிரித்தார்கள்.

அழுதுகொண்டு வந்தேன். இடுப்புவரை நீண்ட என் பின்னலை உம்மா கத்தரித்தார். "கிணத்த மாத்த ஏலா மகள்," என்றார்.

இரசாயனம் படித்தபோதுதான் புரிந்தது: அந்தத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து சவர்க்காரம் முடியில் படிந்துவிடும். தேசிக்காயைக் கடைசியில் தேய்த்திருந்தால் அதன் புளிப்பில் அந்தப் படிவு போயிருக்கும்.

உம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.